எட்டு மணிக்கு எழுதிய இருபது

மூன்றாம் ஆண்டு நர்சிங் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் வைத்திருந்த பெயர் ஐயோம்மா. வார்டில் போன் அடித்தால் ஐயோம்மா, கையில் ஊசியைக் கொடுத்தால் ஐயோம்மா, டாக்டர் சும்மா திரும்பிப் பார்த்தாலும் ஐயோம்மா. தூக்கத்தில்கூட அதைத்தான் சொல்கிறாள் என்று அறைத்தோழி சத்தியம் செய்வாள். அந்தத் தோழிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, ரேடியோ. ஏனென்று கேட்காதீர்கள், அவளோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

பயம் என்றால் ஏதோ கொஞ்சநஞ்சப் பயம் இல்லை. முதல் ஆண்டில் முதல் ஊசி போடப் போனவள் ஊசியோடு மயங்கி விழுந்தாள். ஊசிக்காகக் காத்திருந்த நோயாளி, பாவம், கட்டிலை விட்டு இறங்கி அவளைப் படுக்கவைத்துவிட்டுச் செய்தித்தாளால் விசிறிக்கொண்டு நின்றார். இரண்டாம் ஆண்டில் டியூட்டர் மேடம் அவள் கோப்பில், 'வேலை பரவாயில்லை, தைரியம் பூஜ்யம்' என்று எழுதினார். இந்த ஆண்டு எலும்பு வார்டில் ஆறு வாரப் பயிற்சி தொடங்கிய அன்றே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு ரிமார்க் வந்துச்சுன்னா, உன் பயிற்சி ஏட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு வருஷம் போயிடும். உன்கூடப் படிச்சவங்க மேடையில பட்டம் வாங்குறப்ப நீ கீழ உக்காந்து கை தட்டணும். புரியுதா?"

புரியாமல் என்ன? ஆனால் அதைவிட அவளைக் கலக்கியது அப்பாவின் பேச்சுதான். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். போனில், "முடியலைன்னா வந்துடு கண்ணு. மாமாவோட போன் கடையில உக்கார ஆள் தேடிட்டிருக்காங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தன்னால் முடியாது என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள் என்பது அந்த அன்பான குரலிலேயே தெரிந்துவிட்டது.

இப்போது கைக்கடிகாரக் கதைக்கு வருகிறேன். அதுதானே இத்தனைக்கும் காரணம்.

நர்ஸ் என்றால் நொடிமுள் உள்ள கடிகாரம் கட்டியிருக்க வேண்டும். இவளுடையது ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது வாளித் தண்ணீருக்குள் விழுந்து, நாலு பத்தில் நின்றுபோனது. விடுதியிலிருந்து வெளியே போக அடுத்த ஞாயிறுதான் அனுமதி; வார்டில் போனை வெளியே எடுக்கவும் கூடாது. "மேடம், வாட்ச் ஓடலை" என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் அப்படிச் சொல்ல ஒரு வாய் வேண்டுமே! இவள் ஓடாத கடிகாரத்தையே கட்டிக்கொண்டு போனாள். காலைச் சோதனையில் டியூட்டர் மேடம் கையில் கடிகாரம் இருக்கிறதா என்று பார்த்தாரே தவிர, அது ஓடுகிறதா என்று பார்க்கவில்லை.

ரத்த அழுத்தத்துக்கு இயந்திரம் இருக்கிறது, காய்ச்சலுக்கு இருக்கிறது, நாடித்துடிப்பைக்கூட விரலில் மாட்டும் கருவி சொல்லிவிடும். மூச்சுக்கு மட்டும் அந்த வார்டில் எதுவும் கிடையாது. நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்து, நொடிமுள்ளை வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அதையும் நோயாளிக்குத் தெரியாமல் எண்ண வேண்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் ஆள் மூச்சை மாற்றிக்கொள்வார். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கவனிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆகக்கூடி, இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தாலும் யாருக்கும் தெரியாது, செய்யாமல் மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாலும் யாருக்கும் தெரியாது.

இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நோயாளியின் கணக்கு அட்டையில் 'இருபது' என்று எழுதினாள். நாலு நாளாக, முப்பத்திரண்டு படுக்கைக்கும் இருபது. இந்த இருபதை இவள் கண்டுபிடிக்கவில்லை. முதல் வாரத்தில் ஒரு ஸ்டாஃப் சிஸ்டர், "ஆளு மூச்சு விடுறாங்கல்ல? இருபதுன்னு போட்டுட்டு வா, தலைக்கு மேல வேலை கிடக்கு" என்று சொல்லியிருந்தார். பழைய அட்டைகளைப் புரட்டினால் அதிலும் இருபதுதான். அந்த வார்டில் காலை உடைத்துக்கொண்டு வந்தவர், இடுப்பு முறிந்து வந்தவர், கிழவர், குமரி எல்லோரும் கூடிப் பேசி வைத்ததுபோல் நிமிடத்துக்கு இருபது தடவை மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் படுக்கையில் ஒரு தையல்காரர். துணி மூட்டையோடு கடை மாடிப்படியில் உருண்டு இடுப்பெலும்பு முறிந்து, இரண்டு நாளைக்கு முன் ஆபரேஷன் ஆனவர். மனிதர் அந்த இரண்டு நாளும் போட்ட கூச்சல் வார்டைக் கிடுகிடுக்க வைத்தது. பத்தாம் படுக்கைக்காரர் தன்னை வேறு எங்காவது மாற்றச் சொல்லிக் கெஞ்சினார். கடைசியில் பூட்டிய அலமாரியில் இருக்கும் கடுமையான வலி ஊசியை வேளாவேளைக்குப் போடச் சொல்லி டாக்டர் எழுதினார். அந்த ஊசிக்கு ஒரு விதி உண்டு. போடுவதற்கு முன் மூச்சுக் கணக்கைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டுக்குக் கீழே இருந்தால் போடக் கூடாது. அந்த மருந்து வலியை அடக்குவதோடு நிற்காது, அளவு மிஞ்சினால் மூச்சையும் அடக்கிவிடும்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு இவள் ஒன்பதாம் படுக்கைக்குப் போனபோது தையல்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி உதட்டில் விரலை வைத்தார்.

"எழுப்பிடாதீங்க சிஸ்டர். இப்பதான் கண்ணசந்திருக்காரு."

கையில் ரத்த அழுத்தப் பட்டியைக் கட்டிக் காற்றடித்தபோதுகூட அவர் அசையவில்லை. விட்டு விட்டு ஒரு குறட்டை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்ததால் விரல் கருவி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் தொண்ணூற்றாறு என்று நல்ல பிள்ளையாகக் காட்டியது. அப்பாடா, இன்றைக்கு இவர் கத்தவில்லை என்றுதான் இவளுக்குத் தோன்றியது. இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எட்டரைக்கு வேறொரு ஸ்டாஃப் சிஸ்டர் வந்தார், அட்டையில் விரலை ஓட்டினார், இருபதைப் பார்த்தார், ஊசியைப் போட்டுவிட்டுப் போனார்.

ஒன்பதரைக்கு ரேடியோ டீ குடித்துவிட்டு ஓடி வந்தாள்.

"இந்தாடி, என்னோட பழைய வாட்ச். பெட்டிக்கு அடியில கிடந்துச்சு. வார் பல்லிளிக்குது, சேஃப்டி பின் போட்டுக்கோ. ஆனா ஓடுது பாரு, ஜம்முன்னு ஓடுது."

சொல்லிவிட்டு அவள் மருந்து அறைப் பக்கம் போய்விட்டாள். இவளுக்குச் சின்னப் பிள்ளை போல ஒரு சந்தோஷம். நொடிமுள் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஆசை. நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது ஒன்பதாம் படுக்கை. தையல்காரரின் மணிக்கட்டைப் பிடித்தாள். முள் பன்னிரண்டைத் தொட்டதும் எண்ண ஆரம்பித்தாள்.

ஒன்று. காத்திருந்தாள். இரண்டு. அதற்குப் பிறகு நெஞ்சு அப்படியே கிடந்தது. முள் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று. முழு வட்டம் முடிந்தபோது அவள் கையில் ஏழுதான் இருந்தது.

கடிகாரம் தப்பு என்று நினைத்தாள். அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு மறுபடி எண்ணினாள். ஏழு. அவர் விடும்போது மட்டும் தானும் மூச்சு விட்டுப் பார்ப்போம் என்று வாயை மூடிக்கொண்டு நின்றாள். நாலாவது மூச்சுக்குள் காது அடைத்து, கண் இருண்டு, முடியாமல் வாயைப் பிளந்து காற்றை இழுத்தாள். அவர் இன்னும் இழுக்கவில்லை.

"என்ன சிஸ்டர்?" என்றார் மனைவி. "தூங்கட்டும்னு விட்டிருக்கேன்."

அவள் அட்டையைப் பார்த்தாள். எட்டு மணிக் கட்டத்தில் அவளுடைய இருபது, அவளுடைய கையெழுத்து. இந்த இடத்தில் அவள் மனசுக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நல்லவளாக்கிக் காட்டுவதில் எனக்கு விருப்பம் இல்லை. இப்போதும் இருபது என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டால் என்ன என்றுதான் முதலில் நினைத்தாள். வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். கையெழுத்து, பயிற்சி, பட்டம், அப்பா எல்லாம் தப்பிக்கும். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த நெஞ்சு இன்னொரு தடவை ஏறாமல் நின்றது. அவள் ஓடினாள்.

வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் சிவப்புப் பேனா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்புத் தேடுகிறவர், கிடைத்த தப்பைச் சிவப்பில் வட்டம் போடாமல் அவருக்குச் சோறு இறங்காது என்பார்கள்.

"சிஸ்டர்..." என்றாள் இவள். அவளுக்கே கேட்கவில்லை. "சிஸ்டர்..." சிவப்புப் பேனா நிமிரவில்லை.

"ஒம்பதாம் பெட் மூச்சு ஏழுதான் சிஸ்டர்!"

அந்தக் கத்தலில் வார்டு முழுக்கத் திரும்பியது. யார் கத்தியது என்று அவளே ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள்.

சிவப்புப் பேனா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். தையல்காரரின் தாடையைத் தூக்கிப் பிடித்தார், தோளை அழுத்திக் கிள்ளினார். "ஐயா! மூச்சு விடுங்க! நல்லா இழுங்க!" அவர் சொன்னால் ஒன்று இழுத்தார், சொல்லாவிட்டால் மறந்துபோனார். மனைவி முக்காலி சாய எழுந்து, "தூங்குறாருன்னுதானே நினைச்சேன், தூங்குறாருன்னுதானே..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் வந்தார். இளம் வயது, அவருக்கும் உள்ளூர உதறல்தான், ஆனால் மறைக்கத் தெரிந்தவர். அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"எட்டு மணிக்கு இருபது இருந்திருக்கு. ஒன்றரை மணி நேரத்துல ஏழா? இவர் படியில விழுந்தவர்தானே, தலையில அடி பட்டுச்சா?"

"பின்னந்தலையில லேசா வீங்கியிருந்துச்சு டாக்டர்" என்றார் மனைவி.

"வலி ஊசியா இருக்குமோ?" என்றார் சிவப்புப் பேனா.

"ஒரே ஊசியில இவ்வளவு இறங்குமா சிஸ்டர்? அதுக்கு முன்னால நல்லாத்தானே இருந்திருக்காரு, இருபது! தலைக்குள்ள ரத்தம் கசியுதோ என்னவோ. உடனே ஸ்கேனுக்குக் கொண்டு போங்க."

ஸ்கேன் அறை பின்கட்டடத்தில். லிஃப்டுக்குக் காத்திருந்து, நீள நடையைத் தாண்டிப் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகும். தள்ளு கட்டில் வந்துவிட்டது. அவரைத் தூக்கி வைத்தார்கள்.

இவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை பேரும் நம்பி நிற்பது அவளுடைய இருபதைத்தான். ஊசி போட்டவர் அதை நம்பிப் போட்டார். டாக்டர் இப்போது அதை நம்பித்தான் தப்பான பக்கம் போகிறார். ஏழு என்று கத்தியதோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தாளே, முடியவில்லை. வாயைத் திறந்தால் டியூட்டர் மேடத்தின் கையெழுத்து போச்சு. மூடிக்கொண்டால் இந்த மனிதர் லிஃப்டிலேயே உயிரை விட்டுவிடுவார். தள்ளு கட்டிலின் பூட்டை ஒருவர் காலால் விடுவித்தார். அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அந்த இருபது பொய் டாக்டர்."

"என்னது?"

"நான் எண்ணல. என் வாட்ச் ஓடல. சும்மா எழுதினேன். எட்டு மணிக்கும் இவர் இப்படித்தான் இருந்தாரு. கையில பட்டி இறுக்கினப்பகூட முழிக்கல. குறட்டை விட்டு விட்டுத்தான் வந்துச்சு. நான் தூங்குறாருன்னு நினைச்சேன்."

டாக்டர் தையல்காரரின் இமையைத் தூக்கி விளக்கடித்தார். கருவிழியின் நடுவே பேனாமுனையால் வைத்த புள்ளி அளவுக்குத்தான் கண்மணி இருந்தது; அந்த வலி மருந்து மிஞ்சினால் அப்படித்தான் சுருங்கும். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பிடுங்கிப் பார்த்தார்.

"சிறுநீரகம் மந்தமா இருக்கு. மருந்து வெளியே போகாம நேத்துலேருந்து சேந்துக்கிட்டே வந்திருக்கு. கட்டிலை நிறுத்துங்க. அதை முறிக்கிற மருந்தை எடுங்க சிஸ்டர், சீக்கிரம்!"

எட்டரைக்கு ஊசி போட்ட ஸ்டாஃப் சிஸ்டர்தான் மருந்தை எடுக்க ஓடினார். போகிற போக்கில் இவள் முகத்தைப் பார்த்து, "உன் கையெழுத்தை நம்பித்தானே போட்டேன்" என்றார்.

முறிவு மருந்து ரத்தத்தில் ஏறி ஒரு நிமிடம். இன்னொரு நிமிடம். இவள் எண்ணிக்கொண்டிருந்தாள், யாரும் சொல்லவில்லை, தானாகவே எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு, பத்து, பதிமூன்று. திடீரென்று தையல்காரர் கண்ணைத் திறந்து, "ஐயோ, அம்மா! என் இடுப்பு! கொல்றாங்களே!" என்று வார்டு அதிரக் கூச்சல் போட்டார். பத்தாம் படுக்கைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். தையல்காரரின் மனைவி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

பிறகு சிவப்புப் பேனா இவளை மேசைக்குக் கூப்பிட்டார். காது கிழியத் திட்டப் போகிறார் என்று கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவர் திட்டவில்லை. ஒன்பதாம் படுக்கையின் அட்டையைத் திறந்து எட்டு மணி இருபதைச் சிவப்பில் வட்டம் போட்டார். பிறகு அதற்கு முந்தைய கட்டம், இன்னொருவர் கையெழுத்தில் இருபது. அதற்கும் ஒரு வட்டம். நேற்றைய பக்கம், முந்தாநாள் பக்கம். பத்துப் பன்னிரண்டு வட்டம் போட்டபின் கை நின்றது. ஒவ்வொரு பக்கத்துக் கீழேயும் 'சரி பார்க்கப்பட்டது' என்று அவருடைய கையெழுத்தே இருந்தது. பேனாவை மூடி வைத்தார்.

"டியூட்டர்கிட்ட நான் சொல்லியாகணும்."

"சரிங்க சிஸ்டர்."

"என்னைப் பத்தியும் மேலே எழுதிக் குடுக்கப் போறேன். அது வேற." அவர் அட்டையை மூடி இவளிடம் நீட்டினார். "பன்னெண்டு மணிக்கு எல்லாருக்கும் பாக்கணும். உன் டூட்டி ரெண்டு மணி வரைக்கும் இருக்கு."

பதினொரு மணிக்கு டியூட்டர் மேடம் வந்தார், கேட்டார், பயிற்சி ஏட்டில் ரிமார்க் எழுதினார், கையெழுத்துப் போடவில்லை. சொன்னபடி செய்கிறவர். இவள் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒரு வருஷம் போச்சுப்பா."

அப்பா, "சாயங்காலம் வேனை எடுத்துட்டு வரட்டுமா கண்ணு, வந்துடுறியா?" என்றார்.

"இல்லப்பா. பன்னெண்டு மணிக்கு மூச்சு எண்ணணும்."

முப்பத்திரண்டு படுக்கை. ஒவ்வொன்றுக்கும் முழுசாக ஒரு நிமிடம். மற்றவர்கள் கால் மணியில் முடிப்பதை அவள் ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்தாள். பதினேழு, இருபத்திரண்டு, பதினான்கு, பத்தொன்பது. பயம் போய்விட்டதா என்றால், எங்கே போகும்? பயந்துகொண்டேதான் எழுதினாள். ஒன்பதாம் படுக்கையை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தாள். டியூட்டர் மேடத்துக்கும் சிவப்புப் பேனாவுக்கும்கூடப் பயப்படாத அளவுக்கு அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பயந்தாள்.

தையல்காரர் வேறு வகை மருந்தில், முனகிக்கொண்டு, ஊரையெல்லாம் திட்டிக்கொண்டு விழித்திருந்தார். இவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணி முடித்தாள். அட்டையில் எழுதப் போனபோது மனைவி எழுந்து நின்றார்.

"நீதானா அந்தப் பொய்யான இருபதை எழுதினது?"

காலையில் 'நீங்க' என்றவர் இப்போது 'நீ' என்றார்.

"ஆமாங்க. நான்தான்."

அந்த அம்மா அடிப்பார் என்றே இவள் நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள். அவர் அடிக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அட்டையை ஒரு பார்வை பார்த்தார், இவள் கையில் சேஃப்டி பின் குத்திய கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இப்ப எத்தனை?"

"பதினாறுங்க."

"நான் எப்படி நம்புறது? திரும்ப எண்ணு. என் கண்ணு முன்னால, வாய் விட்டு எண்ணு."

நோயாளிக்குக் கேட்கும்படி எண்ணக் கூடாது என்பது பாடம். இவள் கடிகாரத்தைக் கழற்றி அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். முள் பன்னிரண்டைத் தொடக் காத்திருந்தார்கள், இரண்டு தலையும் குனிந்து, ஒன்றையொன்று முட்டுகிற கிட்டத்தில். தையல்காரர் முனகலை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப" என்றார் மனைவி.

தையல்காரரின் நெஞ்சு ஏறியது.

"ஒண்ணு" என்றாள் அவள், பத்தாம் படுக்கைக்கும் கேட்கும்படி.